பனிச்சங்கேணிப் பாலத்தில் மூன்று ஊசித் துளைகள்

1. பாலத்திலிருந்து வந்த போன்

"பாஸ், டாங்க் நிறையப் பெற்றோல் கிடக்கு. நானே பக்கத்தில நிண்டு அடிச்ச. இப்ப பனிச்சங்கேணிப் பாலத்தில கார் நிண்டுட்டுது."

போனில் பிலிப் ஐயா இதைச் சொன்னபோது நான் கராஜில் ஒரு ஓட்டோவுக்கு ஹோர்ன் பூட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவர் கீழே விழுந்தது. கார் நின்றதற்காக இல்லை. கார் நிற்பதும் அதை நான் எழுப்புவதும் முப்பது வருசமாக என் பிழைப்பு. டாங்க் நிறையப் பெற்றோல் கிடக்கு என்றாரே, அந்த ஒரு சொல்தான் என்னை உலுக்கிப்போட்டது. ஏனென்றால் இரண்டு கிழமைக்கு முன்னால் அந்தக் காரின் ட்ரைவர் யோகனைப் பெற்றோல் கள்ளன் ஆக்கியது என்னுடைய வாய்.

கைவேலைக்காரரை எல்லாம் பாஸ் என்கிற மட்டக்களப்பு டவுனில் என்னை வயரிங் பாஸ் என்றுதான் சொல்வார்கள். கார், வேன், பஸ், ஓட்டோ, எதற்கு லைற் எரியாவிட்டாலும் என்னிடம் வரும். எரியாத லைற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எரிந்து எரிந்து அணையும் லைற் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். வந்து வந்து போகிற குறை என்று நாங்கள் சொல்வது அதைத்தான். வீட்டில் நிற்கும், றோட்டில் நிற்கும், என் கராஜுக்குள் வந்தால் மட்டும் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். கார்க்காரர் சத்தியம் பண்ணுவார். நான் போனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு முழுசிக்கொண்டு நிற்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் கெட்டித்தனங்களைக் கேட்டு வருவதுண்டு. நான் பிழைவிட்ட கதையைத்தான் அவர்களுக்கு எழுதுகிறேன்.

2. யோகனிடம் மட்டும் நிற்கும் கார்

பிலிப் ஐயா கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கோவிலுக்கும் சந்தைக்கும் போக ஒரு பழைய ஜப்பான் கார் வைத்திருந்தார். சும்மா நிற்கிறதே என்று அதை மூன்று ரீச்சர்மாருக்கு மாத ஹயருக்கு விட்டார். அவர்கள் கதிரவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறவர்கள். வெள்ளனக் கிளம்பி ஒன்றரை மணித்தியாலம் வடக்கே போகவேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் திரும்பவேண்டும். யோகன்தான் ட்ரைவர். வவுணதீவுப் பொடியன் என்று சொன்னாலும் வயது முப்பத்தைந்து இருக்கும். அளந்து கதைக்கிற ஆள்.

கச்சான் காற்று அனலாக வீசுகிற நாட்களில் கார் நிற்கத் தொடங்கியது. காலையில் போகும்போது ஒன்றுமில்லை. மத்தியானம் திரும்பும்போது இரண்டு தரம் இருமிவிட்டு அப்படியே செத்துப்போகும். கால் மணித்தியாலம் விட்டால் திரும்ப ஸ்டாட் ஆகும். ஒருநாள் மாங்கேணியில், ஒருநாள் காயான்கேணி தாண்டி, ஒருநாள் பாலத்தில். பிலிப் ஐயா ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எடுத்துக்கொண்டு போனால் மட்டும் ஒரு குறையும் இல்லை.

"என்ட கையில நிக்காத கார் அவன்ட கையில மட்டும் ஏன் நிக்குது பாஸ்?" என்றார் ஐயா.

கார் செத்த விதம் பெற்றோல் முடிந்து சாகிற விதம். பெற்றோல் காட்டுகிற முள்ளு வேறு எப்போதோ செத்துப்போனது. ஐயாவின் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. கதிரவெளியில் கார் அரைநாள் சும்மா நிற்கிறது. பக்கத்தில் முழுக்க வள்ளம், எஞ்சின், பெற்றோல் தேடுகிற சனம்.

காரை என்னிடம் இரண்டு தரம் கொண்டுவந்தார்கள். பியூஸ் பார்த்தேன், ரிலே பார்த்தேன். பின்சீற்றுக்குக் கீழே பெற்றோல் இறைக்கிற பம்மின் பிளக்கைக் கழற்றி மீற்றரை வைத்தேன். பன்னிரண்டு தசம் நாலு. அதைவிடச் சுத்தமான கரண்ட் இல்லை. ஏறாவூர் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது.

இரண்டாவது தரம் பார்த்து முடித்தபோது கராஜில் நல்ல சனம். வேன்காரர், ஓட்டோக்காரர், பிளேன்ரீ குடிக்க வந்தவர்கள் என்று பத்துப் பேராவது நின்றார்கள். யோகனும் நின்றான். பிலிப் ஐயா கேட்டார்.

"முடிவாச் சொல்லுங்க பாஸ். கார்ல குறை இருக்கா இல்லையா?"

எனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல்லும் இல்லை. ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் வயரிங் பாஸுக்குப் பிடிபடவில்லை என்றால் என்ன மரியாதை? அந்த வெறும் பெருமைக்காக நான் சொன்னதை இன்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"கார்ல ஒரு குறையும் இல்ல ஐயா. இது பெற்றோல் குறைஞ்சு நிக்கிற நிப்பு. பெற்றோல் எங்க போகுதெண்டு நீங்கதான் பார்க்கணும்."

கால் மணித்தியாலத்தில் ஏன் திரும்ப ஸ்டாட் ஆகுது என்று யோகன் கேட்டான். நியாயமான கேள்வி. அடியில் கிடக்கிற சொட்டு வடிந்து பம்முக்கு வந்து சேர நேரமெடுக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிளேன்ரீக் கோப்பையோடு நின்ற ஒருவன், "பெற்றோல் நல்லா நீந்தும் போல, கடலுக்குப் பக்கத்தில" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

யோகன் சிரிக்கவில்லை. "நான் ஒரு சொட்டும் எடுக்கல்ல ஐயா" என்று ஒருதரம் சொன்னான். பிலிப் ஐயா கையை நீட்டினார். யோகன் கார்த் திறப்பை அந்தக் கையில் வைத்துவிட்டு நடந்து போனான். அதற்குப் பிறகு டவுனில் ஒருவரும் அவனுக்கு ஸ்டேரிங் கொடுக்கவில்லை. என் கராஜில் விழுந்த சொல் பின்னேரத்துக்குள் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்ச் சேரும், அது எனக்குத் தெரியாததா?

அடுத்த நாளிலிருந்து பிலிப் ஐயாவே ரீச்சர்மாரைக் கூட்டிக்கொண்டு போனார். மழைக்குணமாக இருந்த நாட்கள். கார் நிற்கவே இல்லை. "பார்த்தீங்களா பாஸ்" என்று ஐயா போன் எடுத்துச் சொன்னார். நானும் பெருமையோடு "நான் சொன்னன்தானே" என்றேன். நாசமாய்ப் போன பெருமை.

3. தகட்டுக்குக் கீழே

மோட்டார் சைக்கிளில் டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஓட்டமாவடி தாண்டும்வரை எங்கும் நிறுத்தவில்லை. மழைக்குணம் போய் வெயில் திரும்ப எரித்துக்கொண்டிருந்தது.

கார் பாலத்துக்கு நடுவில் ஓரமாக நின்றது. கீழே வாவி பளபளவென்று கிடந்தது. மற்ற இரண்டு ரீச்சர்மாரும் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். மெற்றில்டா ரீச்சர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு பிலிப் ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றா. யோகன் கள்ளன் இல்லை என்று தொடக்கத்திலிருந்தே சொன்னவ அவதான். முடிவைப் பார்க்காமல் போவதில்லை என்று நிற்கிறா என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மூண்டு தரம் நிண்டது. மூண்டாந்தரம் எழும்பவே இல்ல" என்றார் ஐயா. வியர்வையில் சேர்ட் உடம்போடு ஒட்டியிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். குறை ஓடி ஒளியாமல் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. வயரிங்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பின்சீற்றைத் தூக்கி பம்மின் பிளக்கைக் கழற்றினேன். பம்முக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயைக் கழற்றி, அது இருந்த இடத்தில் இரண்டு முனையையும் வயர்த் துண்டால் இணைத்து, பம்முக்கு நேரே கரண்ட் விட்டேன். மீற்றரை வைத்தேன். பன்னிரண்டு! அதே சுத்தமான பன்னிரண்டு. அந்த வெயிலில் மீற்றரைத் தூக்கி வாவிக்குள் எறிந்துவிடலாமா என்று வந்தது. பிறகுதான் பையில் கிடந்த பழைய ஹெட்லைற் பல்ப் ஒன்றை எடுத்து அதே இடத்தில் கொடுத்தேன். வெள்ளையாக அடிக்கவேண்டிய பல்ப். உள்ளே இழை மட்டும் சிவந்து கிடந்தது, பத்தி முனையில் நெருப்பு கிடப்பதுபோல.

இதை இளையவர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். மீற்றர் கரண்டைக் குடிக்காது, மணந்து மட்டும் பார்க்கும். வயருக்குள் இருபது இழையில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் பன்னிரண்டு என்றுதான் காட்டும். சுமை கொடுத்தால்தான் வயரின் வண்டவாளம் தெரியும். கராஜில் இரண்டு தரமும் நான் சுமை கொடுக்கவில்லை. மீற்றர் காட்டிய இலக்கத்தைக் கண்டதும் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

வயர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று முன்னுக்கு வந்தேன். பம்முக்குப் போகிற வயர் ட்ரைவர் பக்கக் கதவடியில், காலை வைத்து ஏறுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்குக் கீழே ஓடும். தகட்டைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு ஸ்க்ரூ போட்டிருந்தது. ஸ்க்ரூவைக் கண்டதும் கை நின்றது. அது நான் போட்ட ஸ்க்ரூ. இரண்டு வருசத்துக்கு முன்னால்.

கழற்றினேன். தகட்டுக்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நீலத்தில் கறுப்புக் கோடு போட்ட வயர் ஒரு விரல் நீளத்துக்கு வீங்கிப் பச்சை பிடித்திருந்தது. அந்த வீக்கத்தின்மேல் மூன்று ஊசித் துளைகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க எங்களிடம் ஊசி வைத்த டெஸ்ட் லாம்ப் இருக்கும். வயரின் தோலில் குத்தினால் உள்ளே செம்பில் பட்டு லைற் எரியும். சுறுக்கான வேலை. முதல் குத்துப் பிசகினாலும் என்று நான் எப்போதும் மூன்று குத்துக் குத்துவேன். மட்டக்களப்பில் வேறு ஒரு பாஸுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அந்த ஸ்க்ரூ போட்ட அன்று பின்சீற்றைத் தூக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் கதவடியில் வயரைக் குத்திப் பார்த்து, ரிலேயை மாற்றிவிட்டு மூடியிருக்கிறேன். ஓட்டைக்கு ஒரு சுற்று டேப் போடவில்லை.

"இவ்வளவு உப்பு இதுக்குள்ள எப்பிடி வந்த?" என்று எனக்குள் கேட்டது வெளியே கேட்டுவிட்டது போல.

மெற்றில்டா ரீச்சர் குனிந்து பார்த்தா. "ஏன், யோகன் கடல்தண்ணி அள்ளி வந்துதானே கால் கழுவித்து ஏறுவான். மத்தியானம் வரைக்கும் சும்மா இருக்க ஏலாம கரைவலைக்காரரோட சேர்ந்து வலை இழுப்பான். ஒரு துளி மண்ணும் காருக்குள்ள வரப்படா எண்டு ஐயாதானே சொன்ன நீங்க? ஒவ்வொரு நாளும் கதவத் திறந்து, குந்தி இருந்து, ரெண்டு காலையும் கழுவி, அந்தத் தகட்டில வெச்சு உதறித்துத்தான் உள்ள வைப்பான்."

எல்லாம் விளங்கிவிட்டது. நாளுக்கு நாள் உப்புத்தண்ணி தகட்டுக்குக் கீழே வடிந்து, என் துளைகளுக்குள் இறங்கி, செம்பை இழை இழையாகத் தின்றிருக்கிறது. மிஞ்சின நாலு இழையும் காலைக் குளிர்ச்சியில் தாக்குப்பிடிக்கும். அரைநாள் வெயிலில் காய்ந்த காரை எடுத்துக்கொண்டு தூரம் ஓடினால் சூடேறிக் கைவிடும். ஆறினால் திரும்பப் பிடிக்கும். பூசைக்குப் போகிற தூரத்தில் எங்கே சூடேறப்போகிறது? யோகன் செய்த ஒரே குற்றம் எசமான் சொல்லைத் தட்டாமல் காரைத் துப்புரவாக வைத்திருந்ததுதான்.

"என்ன பாஸ், உப்புக் காத்தா?" என்றார் பிலிப் ஐயா.

"ஓம் ஐயா, உப்புத்தான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன், என் துளைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அழுகின துண்டை வெட்டி எறிந்து புதுத்துண்டு வைத்து ஈயம் பிடித்து டேப் சுற்றினால் கால் மணித்தியால வேலை. வெட்டின துண்டை வாவியில் போட்டால் மீனுக்குத்தான் தெரியும். உப்புக்குமேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. வயர் வெட்டுகிற குறட்டைக் கையில் எடுத்தும்விட்டேன்.

"அப்ப யோகன் பெற்றோல் எடுக்கல்ல" என்றா மெற்றில்டா ரீச்சர்.

பிலிப் ஐயா பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தார். பிறகு, "வயர் உப்பில போனது சரி. ஆனா அந்தப் பழக்கமும் அவனுக்கு இருந்திருக்கலாம். பாஸ் அவ்வளவு அனுபவக்காரன், சும்மாவா சொன்னவர்?" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சுட்டது. கார் ஓடினாலும் யோகன்மேல் விழுந்த கறை போகாது. என் பெயர் அதைப் பிடித்து வைத்திருந்தது. பாஸ் சும்மா சொல்லமாட்டார் என்று சனம் நம்புகிறவரைக்கும் அவன் கள்ளன்தான்.

"சும்மாதான் சொன்ன நான் ஐயா" என்றேன். "குறை பிடிபடல்ல. பிடிபடல்ல எண்டு சொல்ல வெக்கமா இருந்தது. அதுக்காகச் சொன்ன நான். இந்தா பாருங்க, இந்த மூண்டு ஓட்டையும் நான் குத்தினது. டேப் சுத்தாம விட்டதும் நான்தான். உப்பு வந்தது அதுக்குள்ளால."

ஐயா வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அவன்ட முகத்துக்கு நேர கேட்டன் பாஸ், எத்தின லீற்றர் வித்தாய் எண்டு" என்றார்.

ரீச்சர் குடையை எனக்கு மேலே நீட்டிப் பிடித்தா. "சுறுக்காச் செய்யுங்க பாஸ். இப்பவே வவுணதீவுக்குப் போவம்" என்றா.

4. வவுணதீவில் கேட்ட சொல்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. யோகன் வயல் வட்டைக்குள் கூலிக்கு வரம்பு கட்டிவிட்டு அப்போதுதான் வந்து கிணற்றடியில் நின்றான். அவனுடைய மனிசி எங்களைக் கண்டதும் உள்ளே போனவ வெளியே வரவில்லை. இருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். பிலிப் ஐயா, "பிழைதான் மகன், மன்னிச்சுக்கொள்" என்றார். யோகன் வாளியைக் கீழே வைத்தான்.

"எத்தின பேர்ட்ட வேலை கேட்டு அலைஞ்ச நான் தெரியுமா பாஸ்? என்ட மூத்தவள் பள்ளிக்கூடத்தால வந்து கேக்கிறாள், அப்பா பெற்றோல் களவெடுத்தீங்களா எண்டு." வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சொன்னான். "இந்த வளவுக்குள்ள வந்து சொன்னா கோழிக்குத்தான் கேக்கும். கராஜில, அத்தின பேருக்கு முன்னால சொன்ன நீங்க. அங்க வெச்சுச் சொல்லுங்க. சொன்னா நான் திறப்ப எடுக்கிறன்."

"சொல்றன்" என்றேன். உள்ளேயிருந்து ஒரு குரல், "நாளைக்குச் சொல்லச் சொல்லுங்க" என்றது.

5. சொன்ன நாள்

அடுத்த நாள் வெள்ளனவே வேன்காரர், ஓட்டோக்காரர் எல்லோரையும் போன் போட்டுக் கூப்பிட்டேன். என்னமோ விருந்து என்று வந்தார்கள். வெட்டின வயர்த் துண்டைக் கையில் தூக்கிப் பிடித்தேன்.

"யோகன் ஒரு சொட்டுப் பெற்றோலும் எடுக்கல்ல. இந்த வயரைக் குத்திப் பழுதாக்கினது நான். குறையக் கண்டுபிடிக்க ஏலாம அவன்மேல பழியப் போட்டதும் நான். இத நீங்க எல்லாரும் போற இடமெல்லாம் சொல்லணும். முந்திச் சொன்னதவிடச் சுறுக்காச் சொல்லணும்."

அன்று பெற்றோல் நீந்தும் என்று பகிடிவிட்டவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப கள்ளன் பாஸ்தான்!" என்றான். கராஜே சிரித்தது. நானும் சிரித்தேன். யோகன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன். முதல் நாள் பாலத்திலிருந்து என் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்தக் குலுக்கலில்தான் நகர்ந்தது.

பிலிப் ஐயா திறப்பை நீட்டினார். யோகன் வாங்கி, காரைச் சுற்றி ஒருதரம் நடந்து, பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஏறுங்க பாஸ். கதிரவெளிக்குப் போயித்து வருவம். நிண்டா நீங்கதான் தள்ளணும்."

நான்கு பேர் இருக்கவேண்டிய காரில் ஐந்தாவது ஆளாக, பின்சீற்றில் இரண்டு ரீச்சர்மாருக்கும் கொப்பிக்கட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடும்வரை கடற்கரையில் இருந்து வலை இழுக்கிறதைப் பார்த்தேன். மத்தியானம் கார் அடுப்பு மாதிரிக் கொதித்தது. இப்போதெல்லாம் குறை பிடிபடாத காரைக் கொண்டுவருகிறவரிடம் எனக்குப் பிடிபடவில்லை, இன்னும் ரெண்டு நாள் தாங்க என்று நேரே சொல்லிவிடுகிறேன். ஒருவரும் என்னை விட்டு ஓடவில்லை. வயரிங் வேலையில் நான் கடைசியாகப் படித்ததும், படிக்க அதிக நாள் எடுத்ததும் அந்த ஒரு வசனம்தான்.

அன்று திரும்பி வரும்போது வாகரை தாண்டியது. பாலம் வந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு இருமல் வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு, முன்சீற்றின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். கார் அதன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. யோகன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான்.

"பாஸ், பாலம் முடிஞ்சுது" என்றான். "இனி மூச்ச விடுங்க."